குடையக்காவின் முதுகலை

முதல் நாள் வகுப்பில் எல்லோரையும் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஒருவன் கைப்பேசி விளையாட்டு எழுதியதாகச் சொன்னான். ஒருத்தி படியேறும் ரோபோ செய்ததாகச் சொன்னாள். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

"நான் பஸ் நிலையத்துல, காணாமப் போன பொருள் அறையில வேலை பாக்குறேன். ஜனங்க பஸ்ல விட்டுட்டுப் போறதெல்லாம் எங்க கிட்டதான் வரும்." மற்றவர்களைப் போலத் தானும் ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "இப்போதைக்கு எங்க கிட்ட நானூத்தி முப்பது குடை இருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் குடையக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பேராசிரியர்களே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டார்கள்.

அந்த அறை பஸ் நிலையத்தின் அடித்தளத்தில் இருந்தது. பதினாறு படி இறங்க வேண்டும். பதினான்கு இரும்பு அலமாரிகள், ஒரு நீள மேசை, தடிமனான பதிவேடுகள், கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேலே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவளுடைய முறை. கண்டக்டர்கள் கொண்டுவந்து போடும் பொருளுக்கெல்லாம் எண் போட்டு, அடையாளம் எழுதி, சீட்டுக் கட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். தேடி வருபவர்களிடம் படிவம் வாங்கி, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவள் விழித்துக்கொண்டே கனவு காண்கிற ரகம். பள்ளிக்கூடத்தில் அவளைத் தூங்குமூஞ்சி என்பார்கள். ஆனால் ஒரு நாளும் வகுப்பில் தூங்கியதில்லை. கண் திறந்தே இருக்கும், ஆள்தான் அங்கே இருக்கமாட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால் கணிதத்தில் பட்டம் வாங்கியதுகூட அதனால்தான். எண்களுக்குள் போனால் வெளியே வர நேரமாகும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு கல்யாணம், குழந்தை, வேலை என்று காலம் ஓடிவிட்டது. அடித்தள அறை அவளுடைய சுபாவத்துக்கு ஒத்துவந்தது. ஒற்றைக் கையுறையைக் கையில் எடுத்தால், இன்னொரு கையுறை போட்ட கை இப்போது எந்தத் தெருவில் குளிரில் ஆடிக்கொண்டு போகிறதோ என்று யோசித்தபடி அப்படியே நிற்பாள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுப்பார்: "ஏம்மா, இறங்கிட்டியா, இன்னும் பஸ்லதான் இருக்கியா?"

கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய ஒரு குளிர்காலத்தில் வயதான ஒரு மனிதர் வந்தார். கோட்டின் பித்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார். காப்பிக் கலர் தோல் பை ஒன்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"உள்ள என்னங்க ஐயா இருந்துச்சு?"

"ஸ்வெட்டர். எனக்காக என் சம்சாரம் பின்னினது. நீலக் கலர்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். காப்பிக் கலர் பை இல்லை. தோல் பை இரண்டு இருந்தன, எடுத்துக் காட்டினாள். அவருடையது இல்லை. ஸ்வெட்டர்கள் பதினொன்றையும் மேசையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மூன்று முறையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் கிடைக்கவில்லை.

தொண்ணூறு நாள் வரைதான் பொருள்களை வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு மொத்தமாக ஏலத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவது வழக்கம். அந்த முறை வண்டி போன மறுநாள், அனுப்பிய பொருள்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் அவள் கண் நின்றது. சூப்பர்வைசரின் கையெழுத்து: *பை, கறுப்பு, பழையது. உள்ளே கம்பளி நூல், நீளமான ஊசி இரண்டு. சுமார்.*

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். ஸ்வெட்டர் பாதியில் நின்றிருக்கிறது. அவர் மனைவி அதைப் பின்னி முடிக்கவே இல்லை. அவர் அதை ஸ்வெட்டர் என்றே பார்த்தார், ஸ்வெட்டர் என்றே கேட்டார். அறையில் இருந்தவர்கள் பார்த்தது நூல். பை வாங்கிய நாளில் காப்பிக் கலராக இருந்திருக்கும்; வருஷக்கணக்கில் கைபட்டுக் கறுத்துப்போயிருக்கும். அவர் மூன்று தடவை வந்து நின்ற மேசைக்கும் அந்தப் பைக்கும் நடுவில் எட்டு அடி தூரம்கூட இல்லை.

படிவத்தில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. மூன்று நாள் அதைப் பார்ப்பதும் மூடிவைப்பதுமாக இருந்தாள். நான்காம் நாள் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அது அங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்கய்யா. மன்னிச்சிடுங்க."

"எந்த இடத்துல வெச்சிருந்தீங்கம்மா?"

"மூணாவது அலமாரி. மேல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு, அதுக்கு நேர் கீழ."

"அப்ப வெளிச்சம் பட்டிருக்கும். சரிம்மா, சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தச் 'சந்தோஷம்' அவளை விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். ஒரே பொருள், இரண்டு பேர், இரண்டு வார்த்தை. ஸ்வெட்டருக்கும் நூலுக்கும் சொந்தம் உண்டு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியவில்லை. பதிவேட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வியோடு நாலைந்து வாரம் சுற்றினாள். இரண்டு தடவை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நான் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலாம்னு இருக்கேன்."

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர். நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பழகியவர். எதையும் உடனே பேசமாட்டார். அவளையும் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விளையாட்டுக்குச் சொல்றியா?"

"இல்லங்க. மத்தியானம் மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் வகுப்பு. என் முறை ரெண்டு மணிக்கே முடிஞ்சிடும். விண்ணப்பம் போட்டுட்டேன்."

"போட்டுட்டு வந்துதான் கேக்குறியா!"

"கேக்கலையே, சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள்தான் மூக்கில் விரல் வைத்தாள். "அம்மா, நீ ஃபோன்ல ஒரு படத்தை அனுப்பணும்னாலே என்னைக் கூப்பிடுவ!"

"அதனாலதான் படிக்கப் போறேன்."

"எப்படியோ போ. மார்க் குறைஞ்சா நான்தான் கையெழுத்துப் போடுவேன், சொல்லிட்டேன்."

நுழைவுத் தேர்வில் கணிதம் அவளைக் கைவிடவில்லை. இடம் கிடைத்தது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. பிள்ளைகளின் விரல்கள் விசைப்பலகையில் மழை மாதிரி விழுந்தன. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பார்கள். ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரி கெட்டிக்காரப் பெண், ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் போட வேண்டிய அரைப்புள்ளியை மறந்துவிடுவாள். நிரல் ஓடாது. அவளுக்கு அரைப்புள்ளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் பதிவேடு எழுதிய கண்ணுக்கு விடுபட்டது எங்கே என்று சட்டென்று தெரிந்துவிடும். குடையக்கா எட்டிப் பார்த்து, "பதினேழாவது வரிம்மா" என்பாள். பதிலுக்கு அந்தப் பெண் அவளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று வகுப்பில் கேலி செய்தார்கள். அது உண்மையும்கூட.

முதல் பருவத் தேர்வில் அல்காரிதம் என்கிற படிமுறைப் பாடத்தில் தோற்றுப்போனாள். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி, எடுத்தது முப்பத்தெட்டு. படிக்காமல் போகவில்லை. வினாத்தாளில் முதல் கேள்வியே ஒரு வரைபடம்: வட்டம் வட்டமாக ஊர்கள், நடுவில் கோடுகளாகப் பாதைகள், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அந்த ஊர்களுக்குள் போய்விட்டாள். மூன்றாவது ஊரில் மழை பெய்தது. ஐந்தாவது ஊருக்குப் போகிற பாதை நீளம்தான், ஆனால் இரண்டு பக்கமும் மரம். எந்தப் பயணி குறைந்த தூரத்தைக் கேட்கிறான், எவன் மரநிழலைக் கேட்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தவளை மணிச்சத்தம்தான் திரும்பக் கூட்டிவந்தது. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

மதிப்பெண் தாளை மகள் வாங்கிப் பார்த்தாள். கேலி செய்ய வாயைத் திறந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"கஷ்டமாம்மா இருந்துச்சு?"

"இல்லடி. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் கஷ்டமாயிடுச்சு."

மகள் ஒரு வழி செய்தாள். அலாரம் வைத்து, பழைய வினாத்தாள்களை எதிரே போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மேசையைத் தட்டினாள். "எந்த ஊர்ல இருக்க? கிளம்பு, அடுத்த கேள்விக்கு வா." மறுதேர்வில் அறுபத்தொன்று வந்தது. சொன்னபடியே மகள் தாளின் ஓரத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுக்கு வழிகாட்டியாக வந்த பேராசிரியை அவளைவிட ஒன்பது வயது இளையவள். ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே இருவருக்கும் முதலில் சங்கடம். கடைசியில் இரண்டு பேரும் 'மேடம்' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். குடையக்கா தன் பழைய கேள்வியைச் சொன்னாள். பேராசிரியை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வார்த்தைகளை எண்களா மாத்தலாம் மேடம். ஒவ்வொரு வார்த்தைக்கும் முந்நூறு எண். எந்தெந்த வார்த்தை எதோட பக்கத்துல புழங்குதுன்னு பாத்து மெஷினே அந்த எண்களைக் கத்துக்கும். அர்த்தம் ஒட்டின வார்த்தைங்க பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும். ஆனா உங்களுக்குத் தரவு நிறைய வேணுமே, இருக்கா?"

தரவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பதிவேடுகள் மலை மாதிரி கிடந்தன. ஒரு வார்த்தை எப்படி முந்நூறு எண்ணாகும் என்பதுதான் பிடிபடவில்லை. சூத்திரம் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. கணவருக்குச் சாப்பாடு கொடுக்க மத்தியானம் கடைக்குப் போனவள், அவர் சாணைச் சக்கரத்தை நிறுத்தும்வரை நின்றுகொண்டே அதைப் புலம்பினாள். அவர் மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். யாரோ ஒருவருடைய கண் சீட்டு.

"இதைப் பாரு. பவர், சிலிண்டர், ஆக்சிஸ். ஒரு கண்ணுக்கு மூணு நம்பர். இந்த ஆளை நான் பாத்ததே இல்ல. ஆனா அவருக்குத் தெருவிளக்கு எப்படித் தெரியும், எந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஒரு மனுஷன் உலகத்தைப் பாக்குற விதத்தையே மூணு நம்பர்ல எழுதிடுறோம். ஒரு வார்த்தைக்கு முந்நூறு நம்பர்னா ஜாஸ்தி இல்லையா?"

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்காமலே கையில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். அவர் அன்று பக்கத்துக் கடை ரொட்டியோடு சமாளித்தார்.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவள் நடப்பது தரையில்தானா என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். பஸ்ஸில் போகும்போது வார்த்தைகள் அவளைச் சுற்றி மெதுவாக மிதந்தன. பையும் மூட்டையும் தோளோடு தோள் உரசின. கையுறை, குளிரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றது. குடையைச் சுற்றி மழையும், கைத்தடியும், மறதியும். தூரத்தில் எங்கேயோ மங்கலாக ஸ்வெட்டர் நின்றது. நூல் கொஞ்சம் கொஞ்சமாக அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முன் இருக்கைக் குழந்தை திரும்பி அவளையே வெறித்துப் பார்த்தது. அவள் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

மிதப்பெல்லாம் தட்டச்சு செய்ய உட்காரும்வரைதான். பதினோராயிரம் பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். சூப்பர்வைசர் முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்த மனிதர். பதிவேடு என்றால் அவருக்கு உயிர்.

"ரெஜிஸ்டர் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது."

"போகவேண்டாம் சார். வகுப்பு இல்லாத நாள்ல, முறை முடிஞ்சதும் இங்கேயே உக்காந்து அடிக்கிறேன்."

"ஏம்மா, என் கையெழுத்து உனக்கே புரியாதே."

அது நிஜம்தான். முதல் நாள் அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அவரே பதிவேட்டைப் பிடுங்கி வாசிக்க ஆரம்பித்தார். "குடை, கறுப்பு, ஒரு கம்பி வளைஞ்சது, சுமார். அடுத்து. சாவிக்கொத்து, ஆறு சாவி, ஒண்ணு துரு. சுமார்." அவர் வாசிக்க, அவள் அடிக்க, சாயங்கால வெயில் அந்தச் சின்ன ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். சில வரிகளில் அவரே நின்றுவிடுவார். "இது ஒரு புல்லாங்குழல்மா. இதைத் தேடி யாருமே வரல. நானும் எட்டு மாசம் அனுப்பாம ஒளிச்சு வெச்சிருந்தேன்." அவர் பழம் தின்று கொட்டை போட்ட கண்டிப்புக்காரர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவரும் கையுறையை எடுத்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் என்பது நாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் தடவை நிரலை ஓட்டியபோது விசித்திரமாக ஒன்று நடந்தது. எந்தப் பொருளைத் தேடினாலும் சம்பந்தமில்லாத பத்து பொருள்கள் வந்து நின்றன. அரைப்புள்ளிதான் உட்கார்ந்து துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, உங்க மெஷின் சுமாரை ஒரு கலருன்னு நினைச்சிட்டிருக்கு! கறுப்பு, நீலம், சிவப்பு, சுமார். எல்லாத்துலயும் அது இருக்கறதால எல்லாமே சொந்தக்காரங்களா ஆயிடுச்சு."

மறுநாள் இதைச் சொன்னதும் சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப முப்பது வருஷமா நான் எதையுமே எழுதலையா?"

"எழுதினீங்க சார். அதுக்கப்புறம் சுமாரும் எழுதினீங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வார்த்தையை நீக்கிவிட்டு ஓட்டினார்கள். பழைய படிவங்களில் பொருள் திரும்பக் கிடைத்த நூறைத் தனியே எடுத்து வைத்துச் சோதித்தாள். வார்த்தையை அப்படியே தேடினால் முப்பத்தொன்றுதான் முதல் பத்துக்குள் வந்தது. அவளுடைய முறையில் ஐம்பத்தெட்டு. பேராசிரியை மகிழ்ந்துபோனாள். "இது போதும் மேடம். எழுதி முடிச்சிடுங்க."

அவளுக்குப் போதவில்லை. முதல் பத்துக்குள் வராத நாற்பத்திரண்டையும் அச்செடுத்து, வீட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தாள். விடிகாலையில் டீயோடு அதன் முன்னால் நிற்பாள். ஒரு வாரம் எதுவும் தோன்றவில்லை. தொலைத்தவர்கள் எழுதியதையும் கண்டெடுத்தவர்கள் எழுதியதையும் மாற்றி மாற்றி வாசித்தாள். *வெள்ளைத் தொப்பி.* எதிரே, *தொப்பி, அழுக்கு மஞ்சள்.* *புது டைரி.* எதிரே, *நோட்டு, முக்கால்வாசி எழுதியது.* *பிள்ளையின் ஷூ.* எதிரே, *காலணி, மிகச் சிறியது.*

ஒரு காலையில், டீ ஆறிப்போன சமயத்தில், அது அவளுக்குப் பிடிபட்டது. தொலைத்தவர்கள் யாரும் பொருளைப் பார்த்து எழுதவில்லை. கையில் கிடைத்த முதல் நாள் அது எப்படி இருந்ததோ அதை எழுதுகிறார்கள். அறையில் இருப்பவர்கள் எழுதுவது அதன் கடைசி நாளை. நடுவில் இருக்கிற வருஷங்களை எந்த எண்ணும் தாண்டாது. அதைத் தாண்ட மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தாள். *வாங்கியபோது எப்படி இருந்தது? உங்களைத் தெரியாத ஒருவர் இன்று இதைக் கண்டெடுத்தால் என்னவென்று சொல்வார்?* சூப்பர்வைசர் தன் பொறுப்பில் நாலு மாதத்துக்கு அனுமதி கொடுத்தார். இரண்டாவது கேள்வியைப் படித்ததும் வருகிறவர்கள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். ஒரு பெண் நெடுநேரம் கழித்து, 'குப்பை என்று சொல்வார்கள்' என்று எழுதினாள். அது உடைந்த பொம்மை வீடு, அன்றே கிடைத்தது. புதிய படிவங்களில் நூற்றுக்கு எழுபத்துநாலு முதல் பத்துக்குள் வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தடித்த கண்ணாடி போட்டவர். ஆய்வேட்டை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"உங்க நிரலால வந்த ஏற்றம் இருபத்தேழு. படிவத்தை மாத்தினதுல பதினாறு. ரெண்டு கேள்வி சேர்க்கிறதுக்கு முதுகலைப் பட்டம் எதுக்கும்மா? இதுல கணினி அறிவியல் எங்க இருக்கு?"

பேராசிரியை பதில் சொல்லத் தவித்தாள். குடையக்கா யோசித்தாள். இந்த முறை வேறெங்கும் போகாமல், அந்தக் கேள்விக்குள்ளேயே போய்விட்டு வந்தாள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. அந்த ரெண்டு கேள்வியை யார் வேணும்னாலும் கேட்டிருக்கலாம். பதின்மூணு வருஷம் அந்த மேசையிலதான் இருந்தேன், எனக்குத் தோணல. மெஷின் தப்பாச் சொன்ன நாப்பத்திரண்டையும் வரிசையா வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது. ஒரே விதமா திரும்பத் திரும்பத் தப்பு பண்ணுச்சு. ஆளுங்க தப்பு பண்ணினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதுலேர்ந்து எதையும் கத்துக்க முடியாது. எனக்கு இங்க கிடைச்ச படிப்பு அதுதான்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குத் தெரியாது என்றே சொன்னாள். இரண்டாம் வகுப்பில் தேறினாள். அரைப்புள்ளி முதல் வகுப்பு. இரண்டு பேரும் கல்லூரி வாசலில் நின்று கொஞ்சம் அழுதார்கள், எதற்கென்று தெரியாமல்.

புதுப் படிவத்தையும் நிரலையும் போக்குவரத்து நிர்வாகம் எட்டு மாதம் கிடப்பில் போட்டுவிட்டுப் பிறகு ஒரு நாள் ஒப்புக்கொண்டது. பழைய கணினி ஒன்று படி இறங்கி வந்தது. சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலி அவளுக்கு வந்தது. வாரத்தில் ஒரு மத்தியானம் கல்லூரி ஆய்வகத்தில் முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மென்பொருள் நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. போய்ப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லவங்கதான், ஆனா அங்க யாரும் எதையும் தேடிக்கிட்டு வரமாட்டாங்க போல இருக்கு" என்று கணவரிடம் சொன்னாள்.

இதற்கெல்லாம் முன்னால், பட்டம் கையில் வந்த வாரத்தில் ஒரு விடுமுறை நாள். அவள் கணவரிடம் கேட்டாள்: "நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸோட கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டு வரலாமா? பதிவேட்ல தினமும் எழுதுறேன், அந்த இடத்தை நான் பாத்ததே இல்ல."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியாதே."

போனார்கள். வழியெல்லாம் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசி அரை மணி நேரம் பஸ்ஸில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். இறங்கிய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீக்கடை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை கோரைப்புல். காற்று அடிக்கும்போது புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. அவர் கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துப் பார்த்தார். டீ வாங்கிக்கொண்டு புல்லோரமாக உட்கார்ந்தார்கள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று கடைக்காரர் சொன்னார்.

"அவசரமில்லங்க" என்றாள் அவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண் திறந்திருந்தது. ஆள் போய்விட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவளுடைய டீ டம்ளர் சாய்ந்துவிடாமல் மெல்ல வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரும் புல்லைப் பார்க்க ஆரம்பித்தார்.